செப்பு சுழலும்போது சக் கழலக் கூடாது!
குழந்தைகள் சோறு பொங்கி விளையாடும் அம்பாசமுத்திரம் மரச்செப்புகள் கடைசல் பட்டறையில் பிறக்கின்றன. சுழலும் மரக்கட்டையை உளி பானையாகவும் குடமாகவும் செதுக்கும். அதன்மேல் அரக்கை அழுத்தினால், உராய்வுச் சூட்டில் உருகி நிறமாக ஒட்டிக்கொள்ளும்.

கட்டையைப் பிடித்திருப்பது ‘சக்’. பல கடைசல் மெஷின்களில் அது சுழல்தண்டின் மரையில் திருகப்பட்டிருக்கும். உளி வெட்டும்போது எழும் எதிர்விசை அதை மேலும் இறுக்கும். ஆனால் திடீரென பிரேக் பிடித்தாலோ, மெஷினைத் தலைகீழாகச் சுற்றவிட்டாலோ அதே மரை கழன்று சக் பறக்கும். பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து!

எனவே மரைகளில் ஒட்டிய மரத்தூளை முதலில் துடைக்க வேண்டும். தண்டின் விளிம்பில் அழுந்த உட்காரும்வரை சக்கைத் திருக வேண்டும். தலைகீழ் ஓட்டத்துக்குப் பூட்டுத் திருகு கட்டாயம். சக் சாவியைக் கழற்றி, கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்த பிறகுதான் சுவிட்ச்!