ஐந்து ரான்ட் கொடுக்க மறுத்த அதிபர்



2015ஆம் ஆண்டு தை மாதம் 14ஆம் திகதியை நாம் எளிதில் மறந்துவிட மாட்டோம். அன்றுதான் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் யோசேவ்வாஸ் அடிகளாரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். உரோமை திரும்பிய பாப்பரசர், அதே மாதம் 22ஆம் திகதி, மற்றொருவரை மறைசாட்சியாக ஏற்கும் ஆணைக்கு ஒப்புதல் அளித்தார். நமது மகிழ்ச்சிப் பெருக்கில் அந்தப் பெயர் இங்கே பலரது செவிகளை எட்டவில்லை. அவர் குருவுமல்லர், துறவியுமல்லர். தென்னாபிரிக்காவின் வடகோடியில், ஒரு கிராமத்துப் பாடசாலையின் அதிபர். எட்டுப் பிள்ளைகளின் தந்தை. பெயர் பெனடிக்ட் டஸ்வா.

இன்று லிம்போபோ மாகாணம் என வழங்கும் பகுதியில், வென்டா மொழி பேசும் ம்பாஹே கிராமத்தில், 1946 ஆனி 16ஆம் திகதி அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ட்சிமங்காட்சோ. அவர்களது மொழியில் ‘அதிசயம்’ என்பது அதன் பொருள். குடும்பத்தின் மூத்த பிள்ளையாகிய அவர் சிறு வயதில் மாடு மேய்த்தார். இளைஞனாக இருக்கையில், பெனடிக்ட் ரிசிமாட்டி என்ற மறையாசிரியரிடம் கத்தோலிக்க மறையைக் கற்றார். ஆலயம் எதுவுமில்லாத அக்கிராமத்தில் மறைக்கல்வி நடந்தது ஓர் அத்தி மரத்தின் நிழலில். 1963 சித்திரை 21ஆம் திகதி திருமுழுக்குப் பெற்றபோது தம் ஆசிரியரின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டார். செபமும் உழைப்பும் என்ற புனித ஆசீர்வாதப்பரின் வழியும் அப்பெயரோடு அவரிடம் வந்து சேர்ந்தது. மறையாசிரியர்களுக்குக் கைம்மாறாக நாம் எதையும் கொடுப்பதில்லை. ஆனால் தம் மாணவன் ஒருவன் தம் பெயரோடு பீடமேறுவதற்கு இணையான கைம்மாறு உண்டோ?

தந்தை விபத்தொன்றில் இறந்தபின் தம்பி தங்கையரின் படிப்புப் பொறுப்பு அவர்மீது விழுந்தது. ஆசிரியப் பயிற்சி பெற்றுத் தொழிலுக்கு வந்த அவர், 1979இல் நுவேலி ஆரம்பப் பாடசாலையின் அதிபரானார். பிள்ளை பாடசாலைக்கு வராவிட்டால் அதிபரே வீடு தேடிப் போவார். கட்டணம் செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளைகளை அவர் திருப்பி அனுப்பியதில்லை. இலவசமாகச் சேர்த்துக்கொண்டதாகத் தம்பட்டம் அடித்ததுமில்லை. தமது காய்கறித் தோட்டத்தில் அவர்களுக்கு வேலை கொடுத்து, அந்தக் கூலியால் கட்டணத்தைச் செலுத்தச் செய்தார். பிள்ளை படிக்கவும் வேண்டும், அதன் தலை தாழவும் கூடாது என்பதில் அவருக்கு எத்துணை கவனம் பாருங்கள்! நுவேலியில் முதல் ஆலயம் எழுந்தபோது கல்லும் மணலும் சுமந்தவர்களுள் அவரும் ஒருவர்.

வீட்டிலோ அவர் ஊரார் நகைக்கத்தக்க கணவராயிருந்தார். மனைவி எவ்லினுக்கு உதவியாகத் தண்ணீர் அள்ளுவார், விறகு கொண்டுவருவார், கைக்குழந்தையின் துணிகளைத் துவைப்பார். அப்பகுதியில் இவை ஆண்கள் தொடாத வேலைகள். மனைவி ஏதோ மருந்து வைத்து அவரை மயக்கிவிட்டாள் என்று ஊர் பேசியது. அவர் பொருட்படுத்தவில்லை. (இதை வாசிக்கும் குடும்பத் தலைவர்கள் இவ்விடத்தில் ஒரு கணம் தரித்து நின்றால் நன்று. நம் ஊர்களிலும் இப்பேச்சு புதிதன்று.)

உதைபந்தாட்டக் குழு ஒன்றையும் அவர் உருவாக்கி வளர்த்தார். வெற்றி பெறுவதற்காக மாந்திரீக மருந்தை நாட வீரர்கள் விரும்பியபோது, அவர் தனியே விலகி வேறொரு குழுவைத் தொடங்கினார். பலரும் இதனை ஒரு பிடிவாதக்காரரின் செயலாகவே கண்டிருப்பர். பின்னர் நிகழப்போவதற்கு அதுவே முன்னுரையாயிற்று.

1990 தை மாத இறுதியில் அங்கே கடும் மழை. இடிமின்னல் தாக்கிக் குடிசைகள் எரிந்தன. யாரோ சூனியம் செய்துதான் மின்னலை ஏவியிருக்கிறார்கள் என்று ஊர் நம்பியது. சூனியக்காரர் யாரெனக் குறிசொல்பவரிடம் கேட்டறிய ஆளுக்கு 5 ரான்ட் சேர்ப்பதென ஊர்க்கூட்டம் முடிவு செய்தது. டஸ்வா கூட்டத்திற்குச் சற்றுத் தாமதித்தே வந்தார். மின்னல் இயற்கையின் நிகழ்வு என்பதை ஓர் ஆசிரியருக்குரிய பொறுமையோடு விளக்கிச் சொன்னார். கேட்பாரில்லை. அப்படியாயின் தம் நம்பிக்கை இதற்கு இடந்தராது, பணம் தரமாட்டேன் என்றார்.

ஐந்து ரான்ட் அவருக்குப் பெருந்தொகையன்று. செங்கல் வீடும் வாகனமும் உடையவர். அதனாலேயே பொறாமைக்கும் ஆளானவர். கொடுத்துவிட்டு ஞாயிறு திருப்பலிக்கு வழமைபோல் சென்றிருக்கலாம். ஆனால் அந்தப் பணத்தின் முடிவில் யாரோ ஒருவரின் பெயர், பெரும்பாலும் ஆதரவற்ற ஒரு முதியவரின் பெயர், சுட்டப்படும் என்பதும், அவர் ஊரைவிட்டு விரட்டப்படுவார் அல்லது கொல்லப்படுவார் என்பதும் அவருக்குத் தெரியும். வாசகர்களே, காணாமற்போன நகைக்கு மை பார்க்கவும், வியாபாரம் சரிந்தால் செய்வினை எடுக்கவும், யாருக்கும் தெரியாமல் ஓரிடத்திற்குப் போய்வருகின்ற கத்தோலிக்க வீடுகள் நம்மிடையே இல்லையென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலுமா? செபமாலையும் கையில், மந்திரித்த நூலும் கையில். அங்கே சொல்லப்படும் விடை அநேகமாக அயல்வீட்டாரின் பெயராகவோ, உறவில் ஒருத்தியின் பெயராகவோ இருக்கும். அத்தோடு இரு குடும்பங்கள் தலைமுறைக்கும் முகங்கொடுத்துப் பேசாதிருக்கும். நாம் அதனைச் சிறு பலவீனம் என்போம். டஸ்வா அதில் ஓர் உயிரின் விலையைக் கண்டார்.

1990 மாசி 2ஆம் திகதி, ஆண்டவர் ஆலயத்தில் காணிக்கையாக ஒப்புக்கொடுக்கப்பட்ட திருநாள். கேப் டவுனில் அன்றுதான் நெல்சன் மண்டேலாவை விடுவிக்கும் முடிவு நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. ம்பாஹேயிலோ டஸ்வா, மனைவியின் சகோதரியையும் அவரது நோயுற்ற குழந்தையையும் மருத்துவரிடம் காட்ட தொஹொயாண்டு நகருக்குத் தம் வாகனத்தில் கொண்டுசென்றார். திரும்பும் வழியில் சோளமா மூட்டையோடு நின்ற ஒருவரை ஏற்றிக்கொண்டார். மகளை வீட்டருகே இறக்கி, சிறிது நேரத்தில் வந்துவிடுவதாகச் சொல்லி, அம்மனிதரை அவரது ஊரில் விட்டுத் திரும்பினார். இரவு. வீதியின் குறுக்கே மரக்குற்றிகளும் கற்களும் கிடந்தன. அவற்றை அகற்ற இறங்கியவர்மீது இருபுறமிருந்தும் கற்கள் பறந்துவந்தன. இரத்தம் வடிய ஓடி, ஒரு பெண்ணின் குடிசையுள் ஒளிந்துகொண்டார். அவரைக் காட்டாவிட்டால் உன்னைக் கொல்வோம் என்று கும்பல் அப்பெண்ணை மிரட்டியது. அதன்பின் அவர் வெளியே வந்தார். குண்டாந்தடி தலையில் இறங்கியபோது, தம் ஆவியை இறைவன் கையில் ஒப்படைத்துச் செபித்தவாறே வீழ்ந்தார். தலைமீது கொதிநீரும் ஊற்றப்பட்டது. வயது 43. எட்டாவது குழந்தை அப்போது தாயின் வயிற்றில் இருந்தது.

சிலர் கைதாயினர், போதிய சாட்சியமில்லையென வழக்குத் தள்ளுபடியாயிற்று. மாசி 10ஆம் திகதி அடக்கத் திருப்பலியில் குருக்கள் சிவப்புத் திருவுடை அணிந்து வந்தனர். உரோமை பேசுவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னமே அந்த மறைமாவட்டம் தன் மனத்திலிருந்ததைச் சொல்லிவிட்டது. மறுநாள் மண்டேலா சிறையிலிருந்து வெளியே நடந்துவந்ததை உலகம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

எவ்லின் எட்டுப் பிள்ளைகளையும் வளர்த்தார். 2008இல் இறந்த அவர் தம் கணவரின் பீடமேற்றத்தைக் காணவில்லை. 2015 புரட்டாதி 13ஆம் திகதி, தொஹொயாண்டு அருகேயுள்ள ட்சிடானினியில், கர்தினால் அஞ்சலோ அமாத்தோ அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். தென்னாபிரிக்க மண்ணில் பிறந்து அந்நிலைக்கு உயர்ந்த முதல் மனிதர் அவரே. விழா நாள் மாசி 1. அவரது திருவுடல் எச்சங்களோ அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே ம்பாஹே சேமக்காலையிலிருந்து எடுக்கப்பட்டு, அவர் கல்லும் மணலும் சுமந்த அதே நுவேலி ஆலயத்தினுள் வைக்கப்பட்டிருந்தன.