சுவரில் பூப்பது என்ன?

மழைக்காலத்தில் வீட்டுச் சுவரில் மூன்று விதமானவை பூக்கும்: உப்பு, மேலோடு படியும் சாம்பல் பூசணம், உள்ளே இறங்கி வளரும் கரும்பூசணம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் மூன்றையும் ‘ஓதம்’ என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். ஓதம் என்பது சுவருக்குள் ஏறிய ஈரம். பூப்பது அதன் விளைவு. பூத்தது எது என்று பார்க்காமலே பெயின்ட் டப்பாவைத் திறப்பதால்தான் அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் அதே கறை வந்து நிற்கிறது.

இந்தப் பகுதியின் நிலமே ஈரம் சேர்ந்த நிலம். அம்பத்தூர், கொரட்டூர், அயனம்பாக்கம், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என்று ஏரிகளுக்கு நடுவே, அந்தத் தண்ணீர் பாய்ந்த வயல்களில் போடப்பட்ட மனைகள் ஏராளம். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் கொரட்டூர், அம்பத்தூர் தெருக்களில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகும் செங்கல்லில் ஊறிய ஈரம் பல வாரம் போகாது.

உப்பைக் கண்டுபிடிப்பது சுலபம். செங்கல்லிலும் மணலிலும் உள்ள உப்பு ஈரத்தோடு வெளியே வந்து, தண்ணீர் காய்ந்ததும் வெள்ளைப் பொடியாகத் தங்கும். விரலில் தேய்த்தால் நறநறவென்று உதிரும். அதற்கு வாடை கிடையாது, உயிரும் கிடையாது. காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டாலே போதும்.

பூசணம் உயிருள்ளது. அதன் நுண்விதைகள் எல்லா வீட்டுக் காற்றிலும் மிதந்துகொண்டே இருக்கின்றன. நனைந்த இடம் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முளைக்கத் தொடங்கும். துப்புரவுப் புட்டிகளில் ‘மில்டியூ’ என்று அச்சிட்டிருப்பது மேலோடு படியும் வகையை. திருநீறு பூசினாற்போல் வெள்ளையாகவோ சாம்பலாகவோ தட்டையாகப் பரவும். குளியலறை டைல்ஸ் இடுக்கிலும் ஜன்னல் ஓரத்திலும் வரும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். வெண்டைச் செடியின் இலையில் வரும் சாம்பல் நோய்க்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். ‘மோல்டு’ என்பது கறுப்பாகவோ பச்சையாகவோ புள்ளி புள்ளியாகத் தொடங்கி, மெத்தென்று தடித்து வளரும். துடைத்தாலும் கறை நிற்கும்; பூசண வாடை அறைக்குள் நுழையும்போதே தெரியும். பழைய அழுக்கா பூசணமா என்ற சந்தேகம் வந்தால் நீர்த்த ப்ளீச் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கலாம். ஓரிரு நிமிடத்தில் நிறம் வெளுத்தால் பெரும்பாலும் பூசணம்தான்.

அடுத்து, தண்ணீர் வரும் வழி. தரையை ஒட்டி மூன்றடி உயரம் வரை கறை இருந்தால், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோலச் செங்கல் நிலத்து நீரை இழுக்கிறது. கூரை மூலையில் இருந்தால் மொட்டைமாடித் தட்டோட்டின் இடுக்கு விட்டிருக்கும். குளியலறைக்குப் பின்சுவர் என்றால் குழாய் கசிவு. பீரோவுக்குப் பின்னாலும் ஏசி அறை மூலையிலும் வருவது பெரும்பாலும் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிவதால். இதை உறுதிசெய்ய ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு சாண் அளவு பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடவேண்டும். தாளுக்கு உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் பனித்தால் அறைக் காற்றிலிருந்து வருகிறது. அதற்கு ஜன்னலைத் திறந்து, பீரோவை அரையடி முன்னே இழுத்து, ஈரத்துணியை அறைக்குள் காயப்போடாமல் இருந்தாலே பெருமளவு குறையும்.

சுத்தம் செய்வதற்கு முகக்கவசமும் ரப்பர் கையுறையும் கட்டாயம். காய்ந்த பூசணத்தைத் துடைப்பத்தால் தட்டினால் நுண்விதை வீடு முழுக்கப் பறக்கும். நனைத்த பிறகே தேய்க்கவேண்டும். டைல்ஸுக்குச் சோப்புத் தண்ணீரே போதும். கறை நின்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லி திரவ ப்ளீச். ப்ளீச்சோடு டாய்லெட் கழுவும் ஆசிட்டையோ வினிகரையோ ஒருபோதும் கலக்கக் கூடாது: மூச்சை அடைக்கும் குளோரின் வாயு கிளம்பும். சிமென்ட் பூச்சில் ப்ளீச் மேலேயே நின்றுவிடுகிறது, அதன் தண்ணீர் மட்டும் உள்ளே இறங்குகிறது. அங்கே உரிந்த பெயின்ட்டைச் சுரண்டி எடுத்து, சுவரை நன்றாகக் காயவிடுவதுதான் மருந்து. வெள்ளத்தில் ஊறிப் பூசணம் ஏறிய மெத்தை, பிளைவுட் அலமாரி ஆகியவற்றைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். மூன்றடிக்கு மூன்றடிக்கு மேல் பரவியிருந்தால் தெரிந்த ஆளை அழைப்பதே நல்லது. ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் அன்று அந்த அறைப்பக்கம் இருக்கக் கூடாது. பூசணக் காற்று இழுப்பையும் இருமலையும் கிளப்பும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே உள்ளது.

போகிக்கு முன் சுண்ணாம்பு அடிக்கும் பழைய வழக்கம் இந்த ஊர் மழைக்குப் பொருத்தமானது. மழை ஓய்ந்து சுவர் காயத் தொடங்கும் நேரம் அது. புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் முளைக்காது, சுவருக்குள் மிஞ்சிய ஈரமும் அதன் வழியே வெளியேறும். பிளாஸ்டிக் பெயின்ட் அப்படி விடாது, ஈரத்தை உள்ளேயே அடைத்துக் கொப்புளம் போடும். அதை அடிப்பதானால் மாசி வரையாவது பொறுக்கவேண்டும். மொட்டைமாடித் தட்டோட்டு வேலையைப் பங்குனி, சித்திரையிலேயே முடித்துவிடுங்கள். இடுக்கில் ஈரம் இருக்கும்போது பூசிய கலவை ஒட்டாது.