பெயர் பதாகையில், கணக்கு அலுமாரியில்

கோவைக்குள் ஒரு ஊர் – 11

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தகவல் அலுவலர் யார், அவரை எங்கே தேடுவது என்று போன வாரம் பார்த்தோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் தகவல் கேட்டு விண்ணப்பக் கடிதம் எழுதும் முறையைச் சொல்வதாக இருந்தேன். அதற்குள் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஒருவர் குறுக்கே வந்துவிட்டார். அவரைச் சொல்லாமல் என்னால் மேலே நகர முடியாது.

அதற்கு முன் பக்கத்து வீட்டு ராத்தா. மகள் சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். கணினிப் பாடநெறி ஒன்றில் சேர்க்க ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போய் விண்ணப்பப் படிவம் வாங்கி வந்திருந்தார். அடையாள அட்டைப் பிரதி, வாப்பாவின் தொழில், இனம், மதம், இரண்டு தொலைபேசி இலக்கம், கிராம சேவகர் சான்றிதழ் எல்லாம் கேட்டிருந்தது. "அவங்க கேட்டதெல்லாம் குடுக்கன் தம்பி. நான் ஒண்டுதான் கேட்டன். போன வருசம் சேர்ந்த புள்ளைகள்ல எத்தினை பேர் முடிச்சிரிக்காங்க எண்டு. 'நெறையப் பேர்' எண்டாங்க."

நிறையப் பேர் என்பது எத்தனை? இந்தத் தொடரை நான் எழுதிக்கொண்டிருப்பதே இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

கல்லடிப் பாலம் தாண்டி நம்மூர் காத்தான்குடிக்குள் நுழைந்து, பிரதான வீதியின் பேரீச்ச மரங்களை ஒட்டி நடந்து பாருங்கள். பரீட்சை முடிவு வந்த வாரமென்றால் பிள்ளைகளின் முகங்கள் பதாகைகளில் ஆடும். முழுப்பெயர், படம், பாடசாலை, பெறுபேறு எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பிள்ளையிடம் அனுமதி கேட்டார்களா என்று எவரும் விசாரிப்பதில்லை. பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் சுட்டெண்ணைப் போட்டால் பெறுபேறு வந்துவிடும். ஒரே பாடசாலைப் பிள்ளைகளின் சுட்டெண்கள் பெரும்பாலும் வரிசையாகத்தான் இருக்கின்றன. ஒருத்தியின் எண் தெரிந்தால் போதும், பக்கத்து மேசைக்காரி சித்தியா இல்லையா என்று அவளுக்கு முன்னமே தெருவுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அதே தெருவில் உள்ள பயிற்சி நிலையத்தில் நாற்பது பேர் சேர்ந்து எத்தனை பேர் சான்றிதழோடு வெளியே வந்தார்கள் என்ற கணக்கு அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். மூடவேண்டியதைத் திறந்தும் திறக்கவேண்டியதை மூடியும் வைத்திருக்கிறோம்.

இனிக் கூடைப்பந்து. பில் பிராட்லி என்பவர் நியூயோர்க் நிக்ஸ் அணிக்கு ஆடியவர். 1970 இலும் 1973 இலும் கிண்ணம் வென்ற அணி அது. பின்னர் நியூ ஜேர்சி மாநிலத்தின் செனட்டர் ஆனார். அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் உயரமான, ஏழைப் பையன்களை விளையாட்டுக்காகவே சேர்த்துக்கொள்ளும். நான்கு வருடம் ஆடவைக்கும். பலர் பட்டமில்லாமல் வீட்டுக்குப் போவார்கள். பிராட்லி, தானும் ஆடிப் படித்தவர் என்பதால், ஒரு சட்டமூலம் கொண்டுவந்தார்: ஒரு பையனைச் சேர்க்கும் முன், உங்கள் அணியில் ஆடியவர்களில் எத்தனை வீதம் பேர் பட்டம் பெற்றார்கள் என்று அவனிடமும் பெற்றோரிடமும் சொல்லவேண்டும். கீழ்ச்சபையில் டொம் மக்மிலன் என்ற இன்னொரு முன்னாள் வீரர் இதற்காக நின்றார். விவாதம் வளர வளர, விளையாடும் பிள்ளைக்கு மட்டும் ஏன், எல்லாப் பிள்ளைக்கும் அந்த உரிமை வேண்டாமா என்ற கேள்வி வந்தது. 1990 நவம்பரில் சட்டம் நிறைவேறியபோது அது எல்லா மாணவர்களுக்குமாகிவிட்டது. பெரிய பல்கலைக்கழகம் முதல் அவர்கள் சமுதாயக் கல்லூரி என்று சொல்லும் இரண்டு வருடக் கல்லூரிகள் வரை, மத்திய அரசின் மாணவர் உதவிப் பணத்தில் பங்குபெறும் நிறுவனம் எதுவும் இந்தக் கணக்கைச் சொல்லியே ஆகவேண்டும்.

பந்து விளையாடிய ஒருவரிடமிருந்து நம் ராத்தாவின் கேள்வி கிளம்பியிருக்கிறது என்று படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே 1990 இல்தான் இலங்கையின் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்விச் சட்டமும் வந்தது. 20 ஆம் இலக்கச் சட்டம். காத்தான்குடியில் உட்கார்ந்துகொண்டு 1990 என்று எழுதிவிட்டுச் சும்மா கடந்துபோக முடியாது. அந்த ஓகஸ்ட் 3 ஆம் திகதி இஷாத் தொழுகையில் நின்றவர்கள்மீது இரண்டு பள்ளிவாசல்களில் துப்பாக்கிகள் திரும்பின. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஷஹீதானார்கள். ஒவ்வொரு ஓகஸ்டிலும் அவர்களை நினைத்து இந்த ஊர் கூடுகிறது. எண்ணிக்கையை எவரும் இங்கே வெறும் எண்ணாகப் பார்ப்பதில்லை.

மீண்டும் கல்லூரிகளுக்கு வருவோம். அந்த அமெரிக்கக் கணக்கிலும் ஓட்டை உண்டு. இரண்டு வருடப் படிப்பை மூன்று வருடத்துக்குள் முடித்தவர்களை மட்டுமே 'முடித்தவர்' என்று எண்ணுவார்கள். முடிக்காமலே பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போன கெட்டிக்காரப் பிள்ளையும் அந்த எண்ணிக்கைக்கு வெளியே நிற்பாள். சமுதாயக் கல்லூரிகள் இதைச் சொல்லி நெடுநாள் முறையிட்டன. மாறிச் சென்றவர்களின் வீதத்தைத் தனியாகக் காட்டவும் இடமிருக்கிறது. நம்மூருக்கும் இது பொருந்தும். மின்னிணைப்புப் பாடநெறியில் ஆறு மாதம் இருந்த பையன் விசா வந்ததும் கட்டாருக்குப் பறந்துவிடுகிறான். தையல் வகுப்புப் பிள்ளை நிக்காஹ் ஆகி ஏறாவூருக்குப் போய்விடுகிறாள். இவர்களை இடைவிலகியவர்கள் என்ற ஒரே கட்டத்துக்குள் போட்டால் அந்த நிலையத்துக்கு அநியாயம். கணக்கே சொல்லாமல் விட்டால் ராத்தாவுக்கு அநியாயம்.

பெற்றோர் பலர் குழம்பும் ஓர் இடமும் இருக்கிறது. 'மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றது' என்று ஒரு பலகை சொன்னால், அது நிறுவனத்தின் பதிவு. அங்கே நடக்கும் ஒவ்வொரு பாடநெறிக்கும் தர அங்கீகாரம் தனியாக வாங்கவேண்டும். அதற்கும் அப்பால், பாடநெறியை முடிப்பது ஒன்று, மதிப்பீட்டாளர் வந்து சோதித்து என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கிடைப்பது இன்னொன்று. ஆகவே 'எத்தனை பேர் முடித்தார்கள்' என்ற கேள்வியை மூன்றாக உடைத்துக் கேட்கவேண்டும்: சேர்ந்தவர் எத்தனை, இறுதி நாள் வரை இருந்தவர் எத்தனை, என்.வி.கியூ. பெற்றவர் எத்தனை?

கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா? தனியார் நிலையம்தானே என்று பலர் கையை விரிக்கிறார்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 43 ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். பகிரங்க அதிகாரசபை எது என்று வரைவிலக்கணம் சொல்லும் இடத்தில் அமைச்சும் திணைக்களமும் மட்டும் இல்லை. எழுத்திலான சட்டமொன்றின்கீழ் தாபிக்கப்பட்ட, அங்கீகரிக்கப்பட்ட, அல்லது அனுமதிப்பத்திரம் பெற்ற தனியார் கல்வி நிறுவனங்களும், தொழிற்கல்வி தருபவை உட்பட, அதற்குள் இருக்கின்றன. 2017 பெப்ரவரி 3 ஆம் திகதி முதல் நடைமுறையில் உள்ள சட்டம் இது. ஏன் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லலாம், அலுவலர் எழுதிக்கொள்ளவேண்டும்.

இந்தச் சட்டம் பிள்ளையின் பெயரைத் தரச்சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தகவலை மறுக்க 5 ஆம் பிரிவு இடம் தருகிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இனத்தையும் மதத்தையும் சிறுவர் பற்றிய தரவையும் விசேட வகைக்குள் வைத்திருக்கிறது. ராத்தா கொண்டுவந்த படிவத்திலும் இனத்தையும் மதத்தையும் கேட்டிருந்தார்கள். அச்சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து தள்ளிப்போயின. அதற்காக, வாங்கிய அடையாள அட்டைப் பிரதிகளைக் கவுண்டர் மேசையில் பரப்பி வைக்கலாம் என்று ஆகிவிடாது.

ஊர் சிறியது என்பதால் எண்ணும் சில நேரம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். மூன்று பெண்பிள்ளைகள் மட்டுமே படித்த வகுப்பில் 'இருவர் சித்தி' என்று எழுதி ஒட்டினால், மூன்றாமவள் யாரென்று அஸருக்குள் தெரு முழுக்கத் தெரியும். அப்படியான சின்ன வகுப்புகளை இரண்டு மூன்று வருடம் சேர்த்துக் கூட்டிச் சொல்லவேண்டும் என்பது என் கட்சி. இதையும் கடிதத்திலேயே குறிப்பிட்டுக் கேட்கலாம்.

கடிதம் எழுதும் முறை அடுத்த வாரத்துக்குப் போய்விட்டது, மன்னிக்கவும். 14 வேலை நாட்களுக்குள் வரவேண்டிய முடிவு, வராவிட்டால் மேன்முறையீடு, முதல் நான்கு பக்கப் பிரதி இலவசம் என்பதெல்லாம் அங்கே வரும். சட்டம் நடைமுறைக்கு வந்தபின் உருவான பதிவேட்டைப் பன்னிரண்டு வருடமாவது வைத்திருக்கவேண்டும் என்ற 7 ஆம் பிரிவையும் அங்கேதான் சொல்லவேண்டும். 'பழைய கோவை இல்லை' என்று சொல்பவர்களுக்கு அது தேவைப்படும். ராத்தாவின் படிவம் என் மேசையில்தான் இருக்கிறது. பணம் கட்டும் கடைசி நாள் இம்மாதம் 28. அதற்குள் பதில் வராது என்று அவருக்குச் சொல்லிவிட்டேன். "பரவாயில்ல தம்பி, எழுதுங்க. அடுத்த புள்ளைக்கு ஆகும்" என்றார்.

(தொடரும்)