தபசு காலத்தில் தட்சணைப் பேச்சு!

சகோதரிகளே, நான் பழைய காலத்துக் கத்தோலிக்கப் பெண். கோவிலுக்குள் கால் வைத்தால் தலையில் முக்காடு தானாக ஏறிவிடும். ராத்திரி ஜெபமாலை சொல்லி முடிக்காமல் எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு எடுப்பதில்லை. "இந்தக் காலத்திலும் இப்படியா?" என்று அக்கம்பக்கத்து இளம்பெண்கள் கேலி பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும். பழைய வழக்கங்களில் எனக்குப் பிடிப்பு அதிகம். அந்தப் பிடிப்பினால்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் மார்க்கத்தைச் சேராத சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை. ஈஸ்டருக்கு முன்னால் வரும் நாட்களைத் தவக்காலம் என்போம். எங்கள் பாட்டிமார் தபசு காலம் என்பார்கள். விபூதிப் புதனில் தொடங்கி பெரிய சனி வரை, நடுவில் வரும் ஞாயிறுகளைக் கழித்தால் 40 நாள். போன வருஷக் குருத்து ஞாயிறில் வாங்கி வைத்த ஓலையை எரித்து, அந்தச் சாம்பலைத்தான் நெற்றியில் பூசுவார்கள். விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி. வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம், அதாவது கவுச்சி கிடையாது. சாயங்காலம் கோவிலில் சிலுவைப்பாதை, 14 ஸ்தலங்களும் முழங்கால் போட்டு எழுந்து முடிப்பதற்குள் என் வயசுக்காரிகளுக்கு மூட்டு கழன்றுவிடும். மிச்சம் பிடிக்கிற காசை உண்டியலில் போட்டு ஏழைகளுக்குக் கொடுப்போம்.

இந்த நாட்களில் நாங்கள் கலியாணம் வைப்பதில்லை. மேளதாளம், விருந்து எல்லாம் ஈஸ்டருக்குப் பிறகுதான். ஆனால் ஈஸ்டர் கழிந்து கலியாணம் என்றால், பெண் பார்ப்பதும் பேசி முடிப்பதும் எப்போது நடக்கும்? அதே தபசு காலத்தில்தான்! வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி இருக்கிற நாளில்தான் எங்கள் வீடுகளில் சவரன் கணக்கும் ரொக்கக் கணக்கும் பேசுகிறார்கள்.

என் மூத்த மகளைப் பார்க்க ஒரு குடும்பம் வந்திருந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பலகாரத்தோடு ஒரு கேக்கும் வைத்திருந்தேன். மாப்பிள்ளையின் அத்தை, "இதில் முட்டை இருக்குமே மைனி, இன்னைக்கு வேண்டாம்" என்று தட்டை நகர்த்தி வைத்தார். முட்டையைச் சபை விலக்கச் சொல்லவில்லை; இருந்தாலும் அந்த பக்தியைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கால்மணி நேரம் கழித்து அதே அத்தை, சுவரில் மாட்டியிருந்த திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, "நாங்க ஒண்ணும் கேக்கலை. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க. எங்க பக்கத்துல அம்பதுக்குக் குறைஞ்சு யாரும் போடறதில்லை" என்றார். முட்டை கூடாது, அம்பது சவரன் கூடும்!

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். "நாங்க எங்களால முடிஞ்சதைப் பிள்ளைக்குப் போடுவோம். கேட்டு வாங்குற இடத்துக்குக் கொடுக்கிறதா இல்லை" என்று மட்டும் சொன்னார். சம்பந்தம் அதோடு நின்றுவிட்டது. அடுத்து ஒன்றரை வருஷம் எங்களுக்குத் தூக்கமில்லை. சொந்தக்காரர்கள், "ரோஷம் பாத்தா பொண்ணு வீட்டுலதான் இருக்கும்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். பிறகு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வீட்டிலிருந்து கேட்டு வந்தார்கள். பேரம் எதுவும் இல்லாமல் ஒரே பூசையில் கலியாணம் நடந்தது. எல்லோருக்கும் இப்படி நல்லபடியாக முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஒன்றரை வருஷத்தில் மகள் முகத்தைப் பார்த்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எங்கள் கோவிலில் கலியாணத்துக்கு முன்னால் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியிடம் சொல்ல வேண்டும் என்று அறிவிப்பார்கள். நெருங்கிய ரத்த உறவு, முன்பே நடந்த கலியாணம் போன்றவைதான் தடைகள். பெண்ணின் தகப்பன் இருந்த ஒரே வீட்டை அடகு வைத்திருக்கிறான் என்று எழுந்து சொல்ல முடியுமா? பீடத்தின் முன்னால், "யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் முழு மனதோடு வந்திருக்கிறீர்களா?" என்று சாமியார் கேட்பார். பையனும் பெண்ணும் "ஆம்" என்பார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பெற்றவனை ஒருத்தரும் கேட்பதில்லை.

"காலங்காலமாக உள்ளதுதானே, நம் வழக்கத்தை விடலாமா?" என்று பெரியவர்கள் சொல்வார்கள். வழக்கத்தைப் பற்றி என்னிடம் பேசினால் நான் விடமாட்டேன்! மார்ச் மாதம் முழுக்க நாங்கள் சூசையப்பருக்கு வணக்கம் செய்கிறோம். அவர் தச்சு வேலைக்காரர். கலியாணத்துக்கு நிச்சயித்த பெண்ணைச் சந்தேகப்பட வேண்டிய நிலை வந்தபோதுகூட, அவளை ஊர் முன்னால் அவமானப்படுத்த மனமில்லாதவர் என்று வேதம் சொல்கிறது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தமிழில் ஒரு காப்பியம் பாட நினைத்தபோது, ராஜாவையோ சேனாபதியையோ தலைவனாக எடுக்கவில்லை. இந்தத் தச்சரைத்தான் எடுத்துத் தேம்பாவணி பாடினார். பெண்ணை மதிக்கிற ஆண்பிள்ளைக்கு எங்கள் வழக்கம் கொடுத்த இடம் அது.

கிறிஸ்துமஸ் தாத்தா கதை தெரியுமா? அந்தத் தாத்தாவுக்கு மூலம் நிக்கோலாஸ் என்ற ஆயர். ஓர் ஏழைத் தகப்பனுக்கு மூன்று பெண்கள். சீதனம் கொடுக்க வழியில்லாமல் பெண்களின் வாழ்க்கையே நாசமாக இருந்தது. ராத்திரியோடு ராத்திரியாக அவர் வீட்டுக்குள் பொன் முடிப்பைப் போட்டுவிட்டுப் போனார் நிக்கோலாஸ் என்பது பரம்பரைக் கதை. இந்தக் கொடுமை நம் நாட்டில் மட்டும் இருந்ததில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. கொடுத்து உதவியவரைத்தான் அர்ச்சிஷ்டவர் என்று கும்பிடுகிறோம். கேட்டு வாங்கியவன் பெயரில் எந்த ஊரிலாவது கோவில் உண்டா?

2022 மே 15-ஆம் தேதி நம் குமரி மண்ணின் தேவசகாயம் பிள்ளைக்கு ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் அன்றைக்குப் பாயசம் வைக்காத வீடில்லை. அவர் சாமியாரும் இல்லை, துறவியும் இல்லை. பெண்டாட்டியோடு குடும்பம் நடத்தியவர்; பொதுநிலையினராக இருந்து புனிதரான முதல் இந்தியர். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகினார் என்பதும் அவர்மேல் இருந்த கோபத்துக்கு ஒரு காரணம். 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, "நம்ம ஆளுகளா? எத்தனை சவரன்?" என்று கேட்டுச் சம்பந்தம் பேசினால் அந்த மாலை என்ன மாலை?

இன்னொரு விஷயம் என் மனதை அறுக்கிறது. கலியாணத்துக்குப் பிறகு அடியும் உதையும் பட்டுப் பிறந்தகம் வருகிற பெண்ணிடம், "உன் சிலுவையைச் சுமந்துக்கோ. கோவிலில் கட்டினது, பிரிக்க முடியாது" என்கிறோம். கத்தோலிக்கத் திருமணம் முறிக்க முடியாதது என்பதை நானும் நம்புகிறேன். ஆனால் சபை சொல்லாததைச் சபையின் பெயரால் சொல்லக் கூடாதே! ஒருவர் மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலாலோ ஆன்மாவாலோ பெரிய ஆபத்து உண்டாக்கினால், பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு என்று 1983-ஆம் வருஷத் திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது, 1153-ஆவது பிரிவு. மறைந்த போப் பிரான்சிஸ் 2016-ல் குடும்பங்களுக்காக வெளியிட்ட மடலில், கொடுமை நடக்கும் இடத்தில் சில வேளைகளில் பிரிவது கடமையாகவே ஆகிவிடும் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். ஆண்டவர் சுமந்த சிலுவை உலகத்துக்காக. மாமியார் கேட்ட மோட்டார் சைக்கிளுக்காக ஒரு பெண் சுமப்பதற்கு அந்தப் பெயரை வைக்காதீர்கள்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லிருந்து இருக்கிறது. எந்த மதமானாலும் அது பொருந்தும். வாங்குவதும் கொடுப்பதும் குற்றம். குறைந்தது 5 வருஷம் சிறை என்று இருக்கிறது. கேட்பதே தனிக் குற்றம். கேட்காமல் கொடுக்கும் அன்பளிப்புகளுக்கு 1985-ல் ஒரு விதி வந்தது. என்ன பொருள், ஏறத்தாழ என்ன மதிப்பு, கொடுத்தவர் யார், என்ன உறவு என்று பட்டியல் எழுதி மணமகன், மணமகள் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மளிகைச் சாமானுக்கே பட்டியல் எழுதுகிற நாம், பெண்ணின் நகைக்கு எழுத வெட்கப்பட வேண்டாம். அவசரத்துக்கு 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் உங்கள் மகளுக்குச் சொல்லி வையுங்கள்.

சொத்து விஷயம் இன்னும் முக்கியம். "நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு, இனி உனக்கு இங்கே என்ன பங்கு?" என்று அண்ணன் தம்பிகள் கேட்பதுண்டு. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்துவது 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால், தாய்க்கு மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் இரண்டு பங்கை மகனும் மகளும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். முன்பே கொடுத்ததைக் காட்டி மகளின் பங்கைக் குறைக்கவும் அந்தச் சட்டத்தில் இடமில்லை. கேரளத்தில் இந்தச் சம உரிமை கிடைக்க மேரி ராய் என்ற பள்ளிக்கூட ஆசிரியை சொந்த அண்ணன் தம்பி உறவையே பணயம் வைத்து சுப்ரீம் கோர்ட் வரை போக வேண்டியிருந்தது. 1986-ல் தீர்ப்பு வந்தது. அதுவரை அங்கே பழைய திருவிதாங்கூர்ச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி, அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான்!

இதையெல்லாம் எழுதிவிட்டு நான் மட்டும் தப்பித்துக்கொள்ள முடியாது. எனக்கு ஒரு மகனும் இருக்கிறான். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. ஈஸ்டருக்குப் பிறகு பெண் பார்க்கலாம் என்றிருக்கிறோம். தரகர் வந்து, "இந்தப் பையனுக்கு இவ்வளவு வாங்கலாம்மா" என்று விலை சொல்லிவிட்டுப் போனார். என் நாத்தனார், "மகளுக்குச் செலவழிச்சதை மகன்கிட்ட எடுத்துக்கோ, யார் கேக்கப் போறா?" என்கிறார். மூன்றாவது மகளுக்கு இன்னும் கலியாணம் ஆக வேண்டும்; கையிருப்பு குறைவுதான். வருகிற பணம் இப்போதைக்கு உதவும் என்று எனக்கும் தெரியாமல் இல்லை.

ஆனாலும் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசி முடிவு செய்துவிட்டோம். பெண் வீட்டில் எதுவும் கேட்பதில்லை, மறைமுகமாகவும் கேட்பதில்லை. சாப்பாட்டுச் செலவில் பாதி எங்களுடையது. அவர்கள் மகளுக்குப் போடும் நகை அவள் பெயரில் பட்டியலாகி அவள் கையிலேயே இருக்கும். "மூணாவது பொண்ணுக்கு என்ன செய்வே?" என்று நாத்தனார் கேட்டார். அவளுக்கும் கேட்காத இடம் வரும்வரை காத்திருப்போம் என்றேன். கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. விசுவாசம் என்பதைப் பயமே இல்லாத நிலை என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பெண்ணைப் பெற்றவள் மட்டும் இந்த வழக்கத்தை நிறுத்த முடியாது சகோதரிகளே. கொடுக்க மாட்டேன் என்றால் அவள் பெண் வீட்டில் இருப்பாள். நிறுத்துகிற சக்தி பையனைப் பெற்ற நம் கையில்தான் இருக்கிறது. அதுவும் அம்மாக்கள் கையில். பல வீடுகளில் தொகையை வாய்விட்டுச் சொல்வது அப்பாவாக இருக்கலாம். "இவ்வளவு கேளுங்க" என்று அடுப்பங்கரையிலிருந்து சொல்லி அனுப்புவது யார் என்று நமக்குத் தெரியாதா?

கத்தோலிக்கச் சகோதரிகளுக்கு ஒன்று. அடுத்த தபசு காலத்தில் மீன், இறைச்சி, சினிமா, சீரியல் என்று விடுவதோடு, பையனைப் பெற்றவர்கள் இதையும் விட்டுப் பாருங்கள். மற்ற மார்க்கத்துச் சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் விரதமும் உண்டு, பூஜை அறையும் உண்டு, பையனும் இருப்பான். சம்பந்தம் பேச உட்காரும்போது சுவரில் எந்தச் சாமி படம் இருக்கிறது என்று ஒருதடவை நிமிர்ந்து பாருங்கள். அதன் முன்னால் கேட்கக் கூசுகிற தொகையைப் பெண் வீட்டாரிடமும் கேட்க வேண்டாம்.

– ஒரு வாசகி, பாளையங்கோட்டை.