மாடி வாடகையைப் பிரிச்சாச்சு... அண்ணன் குடியிருக்கும் கீழ் வீட்டுக்கு யார் கணக்கு?

பெருங்களத்தூர் ஸ்டேஷனில் இறங்கி உள்தெருக்களில் நடந்தால், கேட்டில் 'டு லெட்' போர்டு தொங்கும் வீடுகளைப் பார்க்கலாம். கீழே ஓனர் குடும்பம், மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள். அப்பா இருக்கும் வரை சிக்கல் இல்லை. அவருக்குப் பிறகு அந்த வாடகை யாருக்கு?

சண்டை வேண்டாமென்று சில அப்பாக்கள் டிரஸ்ட் எழுதி வைக்கிறார்கள். டிரஸ்ட் என்றதும் அன்னதானமும் ஸ்கூலும்தான் ஞாபகம் வரும். ஆனால், குடும்பத்துக்காக மட்டும் எழுதும் தனியார் டிரஸ்ட்டும் உண்டு. அதற்கு 1882-ம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம் பொருந்தும்.

ஒரு கற்பனைக் கணக்கு. மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு என்று பத்திரம். டிரஸ்டியான அண்ணன் கீழ் வீட்டில் குடியிருக்கிறார். மாடியில் இரண்டு போர்ஷன், வாடகை 15,000 மற்றும் 12,000 ரூபாய். தாம்பரம் மாநகராட்சிக்குக் கட்டும் சொத்து வரி, மோட்டார் ரிப்பேர் எல்லாம் சேர்த்து மாதம் 3,000 செலவு. மீதி 24,000. ஆளுக்கு 8,000 கொடுத்துவிடுகிறார். நியாயம்தானே?

இல்லை. கீழ் வீட்டை வெளியாருக்கு விட்டால் 18,000 வரும் என்று வைத்துக்கொள்வோம். அதையும் சேர்த்தால் நிகர வருமானம் 42,000, ஒரு பங்கு 14,000. அண்ணன் 18,000 ரூபாய்க்கான வீட்டை அனுபவிக்கிறார். ஆக, மாடி வாடகையில் அவருக்குப் பங்கே இல்லை. அவர்தான் மாதம் 4,000 போட வேண்டும். அப்போதுதான் தம்பிக்கும் தங்கைக்கும் தலா 14,000 வரும்.

'மூத்த மகன் குடியிருக்கலாம்' என்று பத்திரத்திலேயே இருந்தால் பேச்சே வேறு. இல்லையென்றால், டிரஸ்டி சொத்தைத் தன் ஆதாயத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது பிரிவு 51. 'நான்தானே அலையறேன்' என்று அண்ணன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும், பத்திரத்தில் எழுதாமலோ ஒப்பந்தம் போடாமலோ அந்த உழைப்புக்குச் சம்பளம் எடுக்க முடியாது. கையிலிருந்து செய்த நியாயமான செலவை எடுத்துக்கொள்ளலாம், அதனால் பில்லைப் பத்திரப்படுத்துங்கள் அண்ணன்களே!

குடித்தனக்காரர் தரும் அட்வான்ஸ் வருமானம் அல்ல. காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டிய பணம் அது. அதைப் பங்கு போட்டுச் செலவழித்துவிட்டால், பிறகு யார் தருவது என்று இன்னொரு சண்டை.

கணக்கு கேட்டால், 'என்னையே சந்தேகப்படறியா?' என்று முகம் வாடும். ஆனால் பத்திரம், கணக்கு, ரசீது எல்லாவற்றையும் பார்த்து நகல் எடுக்கும் உரிமையைப் பயனாளிக்குப் பிரிவு 57 தருகிறது. கல்யாணமாகிப் போன தங்கைக்கும்தான். வாடகைக்கென்று டிரஸ்ட் பெயரில் தனி பேங்க் அக்கவுன்ட் வைத்து, மாதாமாதம் ஸ்டேட்மென்ட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டால், கேட்கும் சங்கடமே வராது.

சொத்தையே பிரித்துக்கொள்ள நினைத்தால், பயனாளிகள் எல்லோரும் மேஜராகவும் ஒரே மனதாகவும் இருக்கும்பட்சத்தில், தங்கள் பெயருக்கு மாற்றித் தரும்படி டிரஸ்டியைக் கேட்கலாம். அதன் பிறகு ஒரே படிக்கட்டும் ஒரே போர்வெல்லும் உள்ள வீட்டை மூன்றாக வெட்ட முடியாதே? கோர்ட்டுக்குப் போனால், 1893-ம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி பாதி அல்லது அதற்கு மேல் பங்குள்ளவர்கள் வீட்டை விற்றுப் பணமாகப் பிரிக்கச் சொல்லிக் கேட்கலாம். அண்ணனுக்கு அந்த வீடுதான் வேண்டுமென்றால், கோர்ட் மதிப்பிடும் விலைக்கு மற்றவர்களின் பங்கைத் தானே வாங்கிக்கொள்ள மனு போடலாம்.