முதல் பஸ், கடைசி பஸ் – 14: நேற்றைய கிளி

போன வாரம் கூமாப்பட்டியில் நின்றோம். 2025 ஜூனில் ஒரு வீடியோ அந்த ஊரை ஊரறியச் செய்த கதையும், பிளவக்கல் அணையில் குளிக்கலாம் என்று மூட்டை கட்டி வந்தவர்கள் திரும்பிப் போன கதையும் உங்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரும் ராஜபாளையமும் என்று எழுதியிருந்தேன். தேருக்கு இரண்டு நாள் முன்னாலேயே ஒரு கிளி என்னை நிறுத்திவிட்டது.

ஊரெல்லாம் கூமாப்பட்டியைப் பார்க்க வருகிறதே, கூமாப்பட்டிக்காரர்கள் எங்கே போவார்கள்? இந்தக் கேள்வியைச் சித்தியிடம் கேட்டேன். "நாங்க எங்கப்பா போறோம்? ஆடிப்பூரத்துக்கு ஆண்டாளப் பாக்கப் போவோம். அவ்வளவுதான்" என்றார். சித்தப்பாவுக்குக் கொஞ்சம் நெல் வயல், கொஞ்சம் தென்னை. இரண்டு பேரும் வயலை விட்டு ஒன்றாக வெளியே கிளம்புவது வருஷத்தில் இந்த ஒரு நாள். அதுவும் தேரன்றைக்கு இல்லை, ஏழாந்திருநாளன்றைக்கு. "தேருக்குக் கூட்டம் தாங்காது. ஏழாந்திருநாள்னா நின்னு பாக்கலாம்" என்பது சித்தப்பா சொன்ன காரணம். சித்தியின் காரணம் வேறு. அது ராத்திரிதான் எனக்குத் தெரிந்தது.

முதல் பஸ்ஸில் ஏறினோம். சித்தி பையில் புளியோதரை, ஒரு மாத்துச் சேலை, சித்தப்பாவின் மாத்திரை. ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறிய கூட்டம் இரண்டு நாள் முன்புதான் வடிந்திருந்ததால், வத்திராயிருப்பிலும் உட்கார இடம் இருந்தது. கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் சித்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வடபத்ரசாயி கோபுரம் முதலில் யார் கண்ணில் படுகிறது என்று இருவருக்கும் பல வருஷப் போட்டி. 11 நிலை, 192 அடி. இந்த முறையும் சித்திதான் ஜெயித்தார்.

நந்தவனத்தில் சித்தி துளசிச் செடியடி மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். பெரியாழ்வார் குழந்தையைக் கண்டெடுத்த இடம். பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடி ஆண்டாள் அழகு பார்த்ததாகச் சொல்லும் கண்ணாடிக் கிணற்றையும் எட்டிப் பார்த்தோம். அங்கிருந்து வரும்போதுதான், மண்டபத்துத் தூணோரம் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி நின்றிருந்தது. பெண்ணின் கையில் ஒரு கிளி.

"அம்மா கையில இருந்ததா?" என்று சித்தி பதறிக் கேட்டார். அந்தப் பெண் தலையசைத்தாள். சித்தி கை இரண்டையும் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என்னிடம் காட்டினார்.

ஆண்டாள் இடக்கையில் கிளி உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். மதுரை மீனாட்சிக்கு வலக்கையில், இவளுக்கு இடக்கையில். ஆனால் இந்தக் கிளி தினம் ஒன்று புதிதாகப் பிறக்கிறது என்பதை நான் இத்தனை வயதில் இப்போதுதான் கையருகே பார்த்தேன். மூக்குக்கு மாதுளம்பூ. உடம்புக்கு மரவள்ளி இலை. இறக்கைக்கு நந்தியாவட்டை இலையும் பனையோலையும். வாலுக்கு வெள்ளரளியும் செவ்வரளியும். கண்ணுக்குக் காக்காப்பொன். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுவது வாழைநார். ஒரு கிளியைக் கட்டி முடிக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம். தலைமுறை தலைமுறையாக அதைக் கைங்கரியமாகச் செய்துவருகிறார்கள். சாயங்காலப் பூஜைக்கு ஆண்டாள் கைக்குப் போகிறது. மறுநாள் காலையில் இறங்கிப் பிரசாதமாக யாரோ ஒருவர் கைக்கு வருகிறது. அன்றைக்கே அடுத்த கிளிக்கு இலை பறிக்க வேண்டும்.

நான் பார்த்தது நேற்றைய கிளி. மரவள்ளி இலை ஓரத்தில் லேசாகச் சுருண்டிருந்தது. நந்தியாவட்டை இன்னும் பச்சை. மாதுளம்பூ மூக்கு மட்டும் சற்றும் வாடாமல், அப்போதுதான் பழம் கொத்திவிட்டு நிமிர்ந்த மாதிரி சிவந்து நின்றது. வாழைநார் முடிச்சு எங்கே என்று திருப்பித் திருப்பித் தேடினேன், கிடைக்கவில்லை. ஒரு நாள் மட்டும் இருக்கப்போகிற பொருளில், யார் கண்ணுக்கும் தெரியாத முடிச்சுக்கு இத்தனை சிரத்தை. பதினான்கு வாரமாக நான் எழுதும் ஒரு நாள் பயணங்களில் இதற்கு இணையாக ஒன்றைப் பார்த்ததில்லை.

இந்தக் கிளி வெளியூரும் போகும். சித்திரையில் மதுரைக் கள்ளழகருக்கும், புரட்டாசிப் பிரம்மோற்சவத்தில் திருப்பதிக்கும் சூடிக்கொடுத்த மாலையும் பட்டும் கிளியும் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. பதிலுக்கு ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து ஆண்டாளுக்குப் பட்டு வரும். சம்பந்தி வீட்டுச் சீர் போல ஊருக்கு ஊர் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது.

சந்நிதியில் ரங்கமன்னாரும் ஆண்டாளும் கல்யாணக் கோலத்தில் நிற்க, பக்கத்திலேயே கருடன். மாப்பிள்ளையைச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்த்ததற்காக அவனுக்கு அந்த இடம் என்பார்கள்.

மத்தியானம் புளியோதரை, பிறகு நூறு கிராம் பால்கோவா. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். பாலும் சர்க்கரையும் தவிர அதில் ஒன்றும் இல்லை. சித்தப்பா மண்டபத்தில் துண்டை விரித்துப் படுத்தார். அப்போது என் நண்பர் ஒருவர் மனைவியோடு ஐரோப்பா போய் வந்து சொன்ன வெனிஸ் விழாவைச் சித்தியிடம் சொன்னேன். இயேசு விண்ணேறிய திருநாளை ஒட்டி அந்த ஊருக்கும் கடலுக்கும் கல்யாணம். அந்தக் காலத்தில் வெனிஸின் அதிபர் பொன் பூசிய படகில் போய்க் கடலில் மோதிரம் போடுவார். 1797இல் அந்தக் குடியரசே விழுந்துவிட்டது. இப்போது நகர மேயர் போடுகிறார். "வருஷா வருஷமா?" என்றார் சித்தி. ஆமாம் என்றேன். "நம்ம பங்குனி உத்திரம் மாதிரின்னு சொல்லு" என்று அதோடு முடித்துவிட்டார். இங்கே ஆண்டாள் திருக்கல்யாணம் அன்றைக்குத்தான்.

இருட்டியதும் கிருஷ்ணர் கோயில். ஏழாந்திருநாளின் சயன சேவை அங்கேதான். ஆண்டாள் உட்கார்ந்திருக்க, அவள் மடியில் தலை வைத்து ரங்கமன்னார் சயனித்திருக்கிறார். திரை விலகியதும் எழுந்த சத்தத்தில் சித்தி என் காதருகே குனிந்தார்: "மத்த எடத்துல பெருமாள் படுத்திருப்பாரு, அவ கால்மாட்டுல உக்காந்திருப்பா. இங்க பாத்தியா? அவரு இவ மடியில. இதுக்குத்தான் நான் ஏழாந்திருநாளுக்கு வர்றது." சித்தப்பாவுக்கு முன்னால் நின்றவரின் தலை மறைத்தது. "ஏங்க, இந்தப் பக்கம் வாங்க" என்று கையைப் பிடித்துத் தன் இடத்துக்கு இழுத்துவிட்டுச் சித்தி பின்னால் தள்ளி நின்றுகொண்டார்.

வெளியே வந்தபோது கடைசி பஸ் போயிருந்தது. அது அவர்களுக்குப் புதிதில்லை. மாத்துச் சேலையும் மாத்திரையும் அதற்குத்தான். விடியும்வரை மண்டபத்தில் இருந்துவிட்டு முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனார்கள். நான் தேருக்காகத் தங்கினேன். மரச்சக்கரக் காலத்தில் நிலைக்கு வரப் பல நாள் எடுத்த தேர், இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தபின் ஒரே நாளில் வருகிறது. ஜூலை 28 காலையில் நான் பிடித்த வடமும் ராஜபாளையமும் அடுத்த வாரம்.

அடுத்த ஆடியில் ஏழாந்திருநாளுக்குப் போகிறவர்கள் காலையிலேயே கோயிலுக்குள் இருங்கள். யார் கையிலாவது நேற்றைய கிளி இருந்தால் கேளுங்கள், மறுக்காமல் காட்டுவார்கள்.

(பயணம் தொடரும்)