ஒட்டிப்போன காஸ்கெற்றும் காருக்குள் வரும் நஞ்சும்



கணக்கு எழுதுகிறவனுக்குக் கார் எஞ்சினோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் நான் வாங்கிய முதல் கார் 11 வருடம் பழசு. ஒரு குளிர்காலம், காலையில் ஸ்ரார்ட் பண்ணினால் 'டிக் டிக்' என்று சத்தம். எஞ்சின் சூடானதும் நின்றுவிடும். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். சில கிழமைகளில், காரில் போய் வந்தால் மனைவிக்குத் தலையிடி. பின் சீற்றில் மகள் தூங்கி வழிந்தாள். ஊரில் பஸ் டிப்போவில் வேலை செய்த அண்ணை ஒருவர் பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது திருத்தும்வரை பிள்ளையை இதிலை ஏத்தாதை" என்றார்.

எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டும், புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் இரும்பு மனிபோல்டும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் மெல்லிய தகடுதான் எக்ஸோஸ்ற் காஸ்கெற். அது எரிந்து பிளந்தால் புகை அங்கேயே கசியும். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளியை மூடுவதால் சத்தம் மறையலாம். கசிவு முற்றாக நின்றுவிட்டது என்று எண்ணக்கூடாது. அந்தப் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஹீற்றர் காற்றோடு அது காருக்குள் வந்துவிடும்.

காஸ்கெற் விலை பெரிதல்ல. பழையதைக் கழற்றுவதுதான் பாடு. இங்கே தெருவில் கொட்டும் உப்பு நட்டுகளைத் துருப்பிடிக்க வைக்கிறது. எஞ்சினுக்கும் பின்சுவருக்கும் இடையில் கை போக இடமும் இருக்காது. அந்த அண்ணை எனக்குக் காட்டித்தந்த முறை இது.

முதலில் எஞ்சின் நன்றாக ஆறட்டும். பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றுங்கள். காருக்கு அடியில் போவதானால் ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள். ஸ்ராண்ட் வைத்தே போங்கள். வெப்பத்தகட்டை எடுத்தால் பாதி இடம் கிடைக்கும். துரு இளக்கும் எண்ணெயை நட்டுகளில் முதல்நாள் இரவும் மறுநாள் காலையும் அடியுங்கள். ஆறுமூலைச் சொக்கற் போட்டு, சற்றே இறுக்கிப் பிறகு தளர்த்துங்கள். கிறீச்சென்றால் திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடியும் முயலுங்கள். அவசரப்பட்டால் ஸ்ரட் முறியும்.

மனிபோல்டை எடுத்ததும் காஸ்கெற்றின் துண்டுகள் ஹெட்டில் ஒட்டியிருக்கும். ஹெட்டின் துளைகளைத் துணியால் அடைத்து, எத்தனை துணி என்று எண்ணி வையுங்கள். பல கார்களில் ஹெட் அலுமினியம். இரும்புச் சுரண்டியால் குத்தினால் கீறல் விழும், அந்தக் கீறல் வழியே மீண்டும் கசியும். பிளாஸ்ரிக் அல்லது பித்தளைச் சுரண்டியைத் தட்டையாகச் சரித்து, ஓரத்திலிருந்து சிறிது சிறிதாகத் தள்ளுங்கள். கண் எட்டாத இடத்துக்குச் சிறு கண்ணாடியும் ரோச் லைற்றும் போதும். விடாத துண்டுக்குக் காஸ்கெற் நீக்கும் மருந்தைப் பூசி, கையுறையோடு காத்திருங்கள். சுழலும் உரசுதட்டு மட்டும் வேண்டாம். அதன் தூள் எஞ்சினுக்குள் போனால் பெயரிங்குகளை அரித்துவிடும்.

இன்னொன்று. ஊரில் கூரைக்குப் போட்ட அஸ்பெஸ்டஸ் பழைய காஸ்கெற்றுகளிலும் இருந்தது. கனடா அதைத் தடைசெய்தது 2018 டிசம்பரில்தான். எனவே பழைய காரில் உலர்ந்தபடி சுரண்டாதீர்கள், நனைத்துச் சுரண்டுங்கள். காற்றடித்துத் தூளைப் பறக்கவிடவும் வேண்டாம்.

துணிகளை எண்ணி எடுத்த பிறகு, புதிய காஸ்கெற்றை வைத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாக, புத்தகத்தில் சொன்ன அளவுக்குப் படிப்படியாக இறுக்குங்கள். வெளியில் நிறுத்தி ஸ்ரார்ட் பண்ணுங்கள். மூடிய கராஜுக்குள் ஒருபோதும் வேண்டாம். ஸ்ரட் முறிந்தால் அதோடு நிறுத்தி மெக்கானிக்கிடம் கொடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எனக்கு இரண்டு சனிக்கிழமைகள் போயின. செலவு சில டொலர்தான். ஆனால் அந்த 'டிக் டிக்' சத்தத்தைக் கேட்டும் பேசாமல் இருந்த கிழமைகளை நான் எந்தக் கணக்கில் எழுதுவது? உங்கள் காரில் அந்தச் சத்தம் கேட்டால், தலையிடி வரும்வரை காத்திருக்காதீர்கள்.